பிள்ளைக்கு அம்மா நீங்கதானா?

டமியானோ தன் மகளைக் குளிப்பாட்டும் நேரம் கன்யேசி ஊருக்கே தெரியும். மலைப்பனி உருளைக்கிழங்குத் தோட்டங்களை விட்டு விலகி, முதல் வெயில் தகரக் கூரையைத் தொடும்போது, அவன் முற்றத்தில் பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டுவந்து வைப்பான். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலப்பான். முழங்கையை நனைத்துச் சூடு பார்ப்பான். அதைப் பார்ப்பதற்காகவே அடிபம்புக்குப் போகும் பெண்கள் ஒரு சுற்றுச் சுற்றி அந்த வழியாகப் போவார்கள்.

"என்ன டமியானோ, முழங்கை வெந்துடுச்சா? உப்பு பாத்தியா?"

"உங்க வீட்டுக்காரர அனுப்புங்கக்கா. அவரையும் சேர்த்து வேகவச்சுத் தரேன்."

"அவரு வேகுற ஜாதி இல்லப்பா. பத்து வருஷமா அடுப்புல வச்சிருக்கேன், இன்னும் பச்சையாத்தான் இருக்காரு!"

சிரிப்பும் குடங்களும் குலுங்க அவர்கள் போய்விடுவார்கள். தொட்டிக்குள் நிற்கும் தியாமிகேவும் எதற்கென்று தெரியாமல் சிரிப்பாள். அவளுக்கு இரண்டு வயது. அவளுடைய அம்மா எனெலேசி மண்ணுக்குள் போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகியிருந்தன.

அந்த மலைப்பக்கத்தில் கல்யாணமான ஆண்பிள்ளை மூட்டையைக் கட்டிக்கொண்டு பெண்டாட்டி ஊருக்குத்தான் வருவான். எல்லாரும் வீட்டோடு மாப்பிள்ளைகள் என்பதால் அதில் எவனுக்கும் வெட்கம் கிடையாது. ஆனால் உரிமையும் கிடையாது. பிள்ளைகள் தாய்வழிக்குச் சொந்தம். பேர் வைப்பதிலிருந்து பள்ளிக்கூடம் சேர்ப்பது வரை தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். "மாப்பிள்ளைன்னா சேவல் மாதிரி. கூவிக்கலாம். முட்டை என்னோடதுன்னு சொல்ல முடியுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர்களே சிரிப்பார்கள், அவர்களும் ஒரு காலத்துச் சேவல்கள் என்பதை மறந்து.

எனெலேசி இருந்தவரை டமியானோவும் மற்றச் சேவல்களைப் போலத்தான் இருந்தான். தோட்ட வேலை முடிந்தால் மரத்தடியில் உட்கார்ந்து, பல்லாங்குழி மாதிரியான பாவோ பலகையில் காய்களை உருட்டுவான். டெட்சா நகரத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, சின்னப் பிள்ளைகளின் தகப்பன்களுக்கென்று குழு ஆரம்பித்தபோது அவனை அதற்குள் தள்ளியவள் அவள்தான்.

"போங்க. பாவோ காயத் தடவுற நேரத்துல பெத்த பிள்ளைய எப்படித் தூக்குறதுன்னு கத்துக்கிட்டு வாங்க."

"தூக்கத் தெரியாதா எனக்கு?"

"மக்காச்சோள மூட்டையத் தூக்குற மாதிரி தூக்குறீங்க. பிள்ள பயந்து என் முகத்தப் பாக்குது."

சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூட அறையில் பதினைந்து ஆண்கள் குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கடலைமாவு போட்டுக் கஞ்சி காய்ச்சுவதையும், காய்ச்சல் எப்போது ஆபத்து என்பதையும், கோபம் வந்தால் கையை எங்கே வைப்பது என்பதையும் படித்தார்கள். குழு தொடங்கிய மூன்றாம் மாதம் எனெலேசிக்குக் காய்ச்சல் கண்டது. மழைக்காலம். பாலம் முங்கியிருந்தது. சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவன் ஆஸ்பத்திரி வாசலை அடையும்போது அவள் பேச்சு குழறிவிட்டது. கடைசியாகப் புரிந்த வார்த்தை, "தண்ணி சூடு… முழங்கையில பாருங்க, கையில பாக்காதீங்க, உங்க கை மரத்துப்போன கை" என்பது.

பெண்டாட்டி செத்தால் மாப்பிள்ளைக்கு அந்த ஊரில் வேலை முடிந்தது. வருஷம் திரும்பியதும் துக்கத்தை முடித்து, தலையை மழித்து, அவனை அவன் ஆட்களிடம் 'விடுவித்து' அனுப்பிவிடுவார்கள். பிள்ளை இங்கேயே இருக்கும். அதுதான் முறை. அந்த நாளை நினைத்தாலே டமியானோ மண்வெட்டியைப் போட்டுவிட்டு மகளை ஒருமுறை பார்த்துவிட்டு வருவான். எனெலேசியின் அண்ணன் சவுலோசி, குடும்பத்துக்கே பெரியவர், கடுகடுத்த முகம். ஆனாலும் அவர் அந்த நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

"பிள்ள இன்னும் கொஞ்சம் விவரம் தெரியட்டும் மச்சான். அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். "எங்களுக்கு உன்மேல ஒரு குறையும் இல்ல. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. நீ இங்க இருக்குறது என் கண்ணு மூடிக்கிட்டு இருக்குறதால."

"தெரியும் மச்சான்."

"கண்ணத் திறக்க வைக்காத."

எனெலேசியின் தங்கை ஒலிபாவின் வீடு நாலு எட்டில் இருந்தது. டமியானோ தோட்டத்துக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். இருபத்திரண்டு வயது. வாயாடி. "என் புருஷா, கஞ்சி அடிப்பிடிக்குது பாரு!" என்று அங்கிருந்தே கத்துவாள். அக்கா புருஷனைப் புருஷன் என்று கூப்பிட்டுக் கேலி செய்வது மச்சினிகளின் பிறப்புரிமை. அதில் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. அவள் மனசு ஏரிக்கரையில் லிக்சன் என்ற மீன் வியாபாரியிடம் இருந்தது. உருளைக்கிழங்கு அறுவடை முடிந்ததும் அவன் ஆட்கள் சேவலோடு வருவார்கள், இவர்கள் பெட்டைக்கோழி கொடுப்பார்கள், இரண்டும் கைமாறினால் நிச்சயம்.

ஜூன் மாதம், அந்த மலையின் பல் கிட்டிக்கும் குளிர்காலத்தில், லுசுங்கு என்ற பெண் வந்தாள். குழுவால் தகப்பன்கள் மாறியிருக்கிறார்களா என்று மதிப்பிடும் வேலை அவளுக்கு. மூன்றாம் வருஷமும் குழு நடக்குமா நடக்காதா என்பது அவள் கொண்டுபோகும் பதில்களில் இருந்தது. ஆண்களைக் கேட்டால் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்வார்கள் என்று, இந்தத் தடவை பெண்களை மட்டும் தனியே கேட்பது என்று அலுவலகம் முடிவு செய்திருந்தது. அவள் கையில் ஒரு டேப்லெட். அதில் அறுபது கேள்விகள்.

குழுவில் டைசன் என்று ஒருவன், நாலு பிள்ளைக்காரன். அவன் பயந்துபோய்விட்டான்.

"என் பெண்டாட்டி கிட்டயா கேக்கப் போறாங்க? செத்தேன். நேத்துதான் அவ கோழியக் கேக்காம வித்தேன்."

"இன்னிக்கிப் பாத்திரம் கழுவிடு" என்றான் டமியானோ.

"இப்பக் கழுவினா சந்தேகப்படுவா!"

லுசுங்கு ஒலிபாவின் முற்றத்தில் உட்கார்ந்து பேசியபோது டமியானோ தோட்டத்தில் மண் அணைத்துக்கொண்டிருந்தான். ஒலிபா விழுந்து விழுந்து சிரிப்பது அவ்வளவு தூரம் கேட்டது. நல்லதாக ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து லுசுங்கு திரும்பி வந்தாள். பள்ளிக்கூட அறையில் ஊரையே கூட்டினார்கள். ஆண்களும் பெண்களும் சுவரோரம் நின்றார்கள். முன்வரிசையில் சவுலோசி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தியாமிகேவுக்கு ஒரு வாரமாக இருமல். டமியானோ அவளைத் தன் கோட்டுக்குள் அணைத்து உட்கார்ந்திருந்தான்.

லுசுங்குவுக்கு நல்ல குரல். குழுவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னாள். பிறகு ஒரு உறையைத் திறந்தாள்.

"பதினஞ்சு வீட்ல ஒரு வீட்ல மட்டும் அறுபது கேள்விக்கும் நல்ல பதில். தலைமை அலுவலகம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சான்றிதழ் அனுப்பியிருக்கு. மாதிரித் தம்பதி. டமியானோ சிங்வாலு… அவருடைய மனைவி ஒலிபா. ரெண்டு பேரும் முன்னாடி வாங்க!"

முதலில் ஒரு பெருஞ்சிரிப்பு எழுந்தது. யாரோ ஒரு பெண் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். டைசன், "வாய்யா புதுமாப்பிள்ளை!" என்று டமியானோவின் முதுகில் அறைந்தான்.

பிறகு முன்வரிசையில் சவுலோசி எழுந்து நின்றார். சிரிப்பு அப்படியே அறுந்தது.

அவர் லுசுங்குவின் கையிலிருந்து சான்றிதழை வாங்கினார். எழுத்துக்கூட்டிப் படித்தார். மனைவி என்ற இடத்தில் விரலை வைத்தார். அந்த அமைதிக்குள் தியாமிகே இருமினாள். ஒருமுறை, இருமுறை, மூச்சு இழுக்க இழுக்க.

"பிள்ள இருமுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அவ்வளவுதான் சொன்னது அந்தக் குரல். அங்கே அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. துக்கம் முடியாத வீட்டில் பெரியவர்கள் படுக்கையில் தப்பு செய்தால் அது பிள்ளையின் நெஞ்சை வெட்டும், இருமலாக வரும், எலும்பாக்கி எடுத்துக்கொண்டு போகும். வெட்டு நோய் என்று அதற்குப் பெயர். அதற்குப் பயப்படாத தாய் அந்த மலையில் இல்லை. சுவரோரம் நின்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். காலையில் அவனைக் கேலி செய்த அதே பெண்கள், இப்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

டமியானோ மகளின் நெஞ்சில் கையை வைத்திருந்தான். உள்ளே ஏதோ கரகரவென்று ஓடியது. தன்மேல் விழுந்த பழியைவிட அந்தக் கரகரப்புதான் அவனை அதிகமாக உலுக்கியது. ஒருவேளை… ஒருவேளை நான் நினைத்தால்கூடப் போதுமா? மச்சினி சிரிக்கும்போது ஒருநாள் எனெலேசி சிரிப்பதுபோல் இருந்ததே, அதுவே தப்பா? என்று தன்னையே ஒரு கணம் சந்தேகித்தான். பாவம் செய்யாதவனைப் பாவி என்று அவனே நம்பும்படி செய்வதைவிட ஒரு ஊருக்குப் பெரிய பலம் என்ன வேண்டும்?

மறுநாள் காலையில் சவுலோசியின் முற்றத்தில் குடும்பம் கூடியது. லுசுங்குவையும் ஆள் விட்டுக் கூட்டிவந்தார்கள். ஒலிபா தரையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கரையிலிருந்து விடியும்போதே போன் வந்துவிட்டிருந்தது. லிக்சனின் ஆட்கள் ஒரே வாக்கியம்தான் சொன்னார்களாம்: "கூண்டுல ஏற்கெனவே சேவல் இருக்கும்போது எங்க சேவல எதுக்குத் தூக்கிட்டு வரணும்?"

சவுலோசி லுசுங்குவைப் பார்த்தார். "மேடம், உங்களக் குத்தம் சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் தங்கச்சி பேரு இந்தக் காகிதத்துல எப்படி ஏறுச்சு?"

"அவங்களே சொன்னதுதான் ஐயா. பிள்ளைக்கு அம்மா நீங்கதானான்னு கேட்டேன். ஆமான்னாங்க."

"அவ அம்மாவோட தங்கச்சி."

"அத அவங்க சொல்லலையே ஐயா."

"எதுக்குச் சொல்லணும்? சின்னம்மா அம்மா இல்லையா?"

லுசுங்கு திணறினாள். அவள் வடக்கே, மலை தாண்டிய ஜனம். "எங்க பக்கம் வேற மாதிரி ஐயா. பொண்ணுதான் புருஷன் ஊருக்கு வரும். பெண்டாட்டிய இழந்தவன் அவ ஊர்ல குடியிருக்கான்னு நாங்க நினைக்கவே மாட்டோம். வீட்ல ஒரு ஆம்பள இருக்காரு. மடியில பிள்ளய வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு அம்மா நான்தாங்குறா. அம்மான்னு ஒரு தடவ அழுத்திட்டா, அதுக்கப்புறம் இந்த மெஷினே எல்லாக் கேள்வியிலயும் 'உங்க கணவர்'னு போட்டுடும். நான் அதப் படிச்சேன்."

"கேட்டியா ஒலிபா?" சவுலோசியின் குரல் உயர்ந்தது. "உன் புருஷன்னு அவங்க கேட்டப்ப வாய்ல என்ன வச்சிருந்த?"

ஒலிபா நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"விளையாடுறாங்கன்னு நினைச்சேண்ணே. உன் புருஷன் பிள்ளயக் குளிப்பாட்டினாரான்னு கேட்டாங்க. ஊரே அத்தான அப்படித்தானே கேலி பண்ணுது? நானே புருஷான்னுதானே கூப்பிடுறேன்? உன்னை அடிப்பாரான்னு கேட்டாங்க. என்னை எதுக்கு அவரு அடிக்கப் போறாருன்னு சிரிச்சேன். அந்தச் சிரிப்பு தப்புன்னா என்னை அடிங்க."

"முதல் கேள்விக்கே இல்லன்னு சொல்லியிருந்தா இவ்வளவும் வருமா? அம்மா நீதானான்னு கேட்டா, இல்ல, அவ செத்துட்டான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பிள்ள என் மடியில இருந்துச்சுண்ணே!" ஒலிபா கத்தினாள். கத்திய வேகத்தில் குரல் உடைந்தது. "என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு, நான் உன் அம்மா இல்லன்னு சொல்லவா? நீங்க சொல்லுவீங்களா? இந்த முத்தத்துல யாராவது ஒருத்தி சொல்லுவாளா?"

வயதான பெண்கள் இரண்டு பேர் முந்தானைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சவுலோசி தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"மெஷின்ல இருக்குறத எல்லாரும் பாக்கத் திருத்துங்க மேடம்" என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில்.

லுசுங்கு டேப்லெட்டைத் திறந்தாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அம்மா என்ற இடத்தை நீக்கி, அம்மாவின் சகோதரி என்று அழுத்தினாள். திரை ஒருமுறை சுழன்றது. பதில்கள் ஒவ்வொன்றாக மங்கிப்போய், வெள்ளைத் திரையில் ஒற்றை வரி நின்றது: தகுதியான மனைவி இல்லை. நேர்காணல் முடிந்தது. நன்றி.

"அட!" என்றான் வேடிக்கை பார்க்க வந்திருந்த டைசன். "வருஷக்கணக்கா காய்ச்சின கஞ்சி ஒரு நிமிஷத்துல ஆவியாப் போச்சே!"

டமியானோ அந்த வெள்ளைத் திரையையே பார்த்தான். "அப்ப உங்க கணக்குல நான் என்னன்னு இருப்பேன் மேடம்? மோசமான அப்பான்னா?"

"இல்லண்ணே… மோசம்னும் வராது, நல்லதுன்னும் வராது." அவளால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "கணக்குலயே வரமாட்டீங்க. நான் தனியா எழுதிக் குடுக்கிறேன். படிப்பாங்களான்னு தெரியாது."

சவுலோசி தொண்டையைக் கனைத்தார். "மச்சான். நான் உன்னை நம்புறேன். இவளையும் நம்புறேன். ஆனா நான் நம்பி என்ன செய்ய? ஊரு வாயத் தைக்க என்கிட்ட ஊசி இல்ல. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, முறைப்படி இவளக் கட்டிக்க. அக்கா போன இடத்துல தங்கச்சி, நம்ம பெரியவங்க செய்யாததில்ல. ஏரிக்கரைக்கு வேண்டாம்னு சொல்லிடுறேன். நீ இங்கயே இருப்ப. பிள்ளயும் உன்கிட்டயே இருக்கும். இன்னொண்ணு…"

இன்னொன்றை அவர் சொல்லவில்லை.

டமியானோ நிமிர்ந்து உட்கார்ந்தான். இருப்பேன். பிள்ளை இருப்பாள். காலை வெயில் தகரத்தைத் தொடும்போது தொட்டி இருக்கும். ஒரு கோழி கைமாறினால் போதும். அவன் வாயைத் திறந்தேவிட்டான்.

அப்போது ஒலிபாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் மடியில் தலைவைத்துக் கிடந்த தியாமிகேவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் மாட்டேன்னு சொல்லலண்ணே" என்றாள் மெல்ல. "அத்தான் சரின்னா சரி."

கல்யாணத்துக்குச் சம்மதிக்கிற பெண்ணின் குரலில்லை அது. ஊசி போடக் கையை நீட்டுகிறவளின் குரல். மீன் வியாபாரியின் போன் வந்தால் வீட்டின் பின்பக்கம் ஓடி, சுவரில் சாய்ந்து, கால்விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே பேசும் பெண் இவள். பிள்ளைக்காக அதையெல்லாம் வைத்துவிட்டு வந்து நிற்கிறாள். அவள் தியாகம் செய்யத் தயார். அதைக் கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டியவன் இவன்.

"மச்சான்" என்றான் டமியானோ. "என் பிள்ள இவள அம்மான்னு கூப்பிடுறா. அது எனக்குப் போதும். இவ என்னைப் புருஷன்னு கூப்பிடுறது கேலியாவே இருக்கட்டும். என்னை விடுவிச்சுடுங்க."

ஒலிபா முகத்தைப் பிள்ளையின் முதுகில் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அது துக்கமா, நிம்மதியா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றார் சவுலோசி.

"யோசிச்சா மாத்திச் சொல்லிடுவேன் மச்சான். அதுக்குள்ள முடிச்சுடுங்க."

மூன்றாம் நாள் அவன் ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலையை மழித்தார்கள். அவனை விடுவித்த அடையாளமாக ஒரு வெள்ளைக் கோழியைக் கொடுத்தார்கள். போவதற்கு முன் பிள்ளையைக் குளிப்பாட்ட அனுமதி கேட்டான். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அடிபம்புப் பெண்கள் அன்று ஒருவரும் அந்த வழியாக வரவில்லை. மொட்டைத் தலையைத் தியாமிகே ஈரக்கையால் தட்டித் தட்டிச் சிரித்தாள். சைக்கிளில் மூட்டை கட்டுவதைப் பார்த்து, சந்தைக்குப் போகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்பா, வாழப்பழம்!"

"வாங்கிட்டு வரேன்டா தங்கம்" என்றான். வாழ்க்கையில் மகளுக்குச் சொன்ன முதல் பொய். இருபது கிலோமீட்டர் மிதித்த வழியெல்லாம் அந்தப் பொய் அவன் முதுகில் உட்கார்ந்து வந்தது.

தியாமிகேவின் இருமல் மருந்துக்கு அடங்கியது என்று டைசன் போனில் சொன்னான். மருந்துக்கா, அவன் போனதற்கா என்று ஊரில் இரண்டு கட்சி. தகப்பன்கள் குழு மூன்றாம் வருஷம் நடக்கவில்லை. பதினான்கு வீட்டின் பதில்கள் போதவில்லையாம். கூண்டு காலியான சேதி ஏரிக்கரைக்கும் போய்ச் சேர்ந்தது; ஆகஸ்டில் சேவலும் கோழியும் கைமாறின. லிக்சன் மூட்டையோடு கன்யேசிக்குக் குடிவந்தான்.

பிள்ளைகளை எடை போடும் நாள் மாதம் ஒருமுறை வரும். அந்தச் சுகாதார நிலையம் இரண்டு ஊருக்கும் இடையில், எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லாத இடத்தில் இருந்தது. டமியானோ ஒரு மாதமும் தவறவில்லை. விடியுமுன் கிளம்பி, வாழைப்பழச் சீப்போடு வேலியோரம் நிற்பான். ஒலிபா பிள்ளையோடு வருவாள். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். அக்டோபரில், மழைக்கு முந்திய கொளுத்தும் வெயிலில், அவள் வரவில்லை. லிக்சன் வந்தான். நெடுநெடுவென்ற உயரம். தோளில் ஒரு துணி தொங்கியது. தியாமிகேவை மீன் கூடையைப் போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"நீங்கதான் டமியானோ அண்ணனா?" என்றான். "அவளுக்குக் காலையிலேருந்து வாந்தி. அதான்… என்னை அனுப்பிட்டா."

"சந்தோஷம் தம்பி. நல்லபடியா இருக்கட்டும்."

தியாமிகே டமியானோவை வெறித்துப் பார்த்தாள். பிறகு லிக்சனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா, போலாம்" என்றாள்.

லிக்சனைப் பார்த்துத்தான் சொன்னாள். முறைப்படி அது சரிதான். சின்னம்மா அம்மா என்றால் சின்னம்மாவின் புருஷன் அப்பா. டமியானோவே சிறுவயதில் அப்படித்தான் நாலு பேரைக் கூப்பிட்டு வளர்ந்தவன். ஆனால் முறை தெரிந்த மனசும் வலிக்காமலா இருக்கும்? வாழைப்பழம் வைத்திருந்த கையை அவன் மெல்லக் கீழே இறக்கினான்.

லிக்சன் தவித்துப்போனான். "இவருதான்டா உன் அப்பா. பெரியப்பா இல்ல, அப்பா. பாரு." பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் வேறு பேச்சுக்குத் தாவினான். "அண்ணே, ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே? அஞ்சு கிலோமீட்டர் இவள இப்படியே தூக்கிட்டு வந்தேன், கை செத்துப்போச்சு. முதுகுல கட்டிக்கச் சொல்லித் துணிய குடுத்து விட்டா. எனக்குக் கட்டத் தெரியல. வழியில ரெண்டு தடவ நழுவிட்டா. சொல்லிக் குடுக்கவும் அந்தக் குழு இப்ப இல்லயாம்."

டமியானோ பழச்சீப்பை வேலியில் மாட்டினான்.

"குனி தம்பி. இன்னும் குனி. மேசை மாதிரி முதுகு இருக்கணும்."

மகளைத் தூக்கினான். மூன்று மாதத்தில் கனம் கூடியிருந்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தன் கன்னத்தை அவள் தலையில் வைத்தான். பிறகு அவளை லிக்சனின் முதுகில் படுக்க வைத்து, கால்களைப் பிரித்து, துணியை விரித்துப் போர்த்தி, இரண்டு முனைகளையும் முன்பக்கம் கொண்டுவந்தான்.

"மொத முனைய உள்ள செருகு. அடுத்தத மேல உருட்டு. நெஞ்சுக்கு மேல இழுத்து முடிச்சுப் போடு. இறுக்கமா."

"அவளுக்கு வலிக்காதா அண்ணே?"

"தளர்வா விட்டாத்தான் பயப்படுவா. இறுக்கு. இன்னும்."

லிக்சன் இறுக்கினான். டமியானோ முடிச்சை இழுத்துப் பார்த்தான். போதவில்லை. தானே அவிழ்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடியும் கட்டினான்.